வாசகர் கேள்வி – பதில்: காப்பற் போட்ட ஒழுங்கைகளும் கட்டுக்கடங்காத வேகமும்

வீதிப் பாதுகாப்புப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு கடந்த இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 நெடுஞ்சாலையைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் தமது வீட்டுப் படலைக்கு முன்னால் செல்லும் ஒழுங்கையைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன். அயலவரோடு மனத்தாங்கல் ஏற்படக்கூடிய விடயம் என்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

*ஐயா, எங்கள் ஒழுங்கை பல ஆண்டுகளாகக் குன்றும் குழியுமாகக் கிடந்தது. காப்பற் (வழவழப்பான தார்த்தளம்) போடப்பட்ட நாளிலிருந்து, பலாலி வீதிக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் இடையிலான குறுக்கு வழியாக அதைப் பாவிக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்களும் பட்டா எனும் சிறு லொறிகளும் பறக்கின்றன. வாயால் பலமுறை முறையிட்டும் பயனில்லை. ஊர் இளைஞர்கள் சேர்ந்து சீமெந்தால் ஒரு வேகத்தடை கட்டிவிடலாம் என்கிறார்கள். கட்டலாமா?*
— கோண்டாவில் வாசகர்

கட்டாதீர்கள். வீதி என்பது உள்ளூராட்சிச் சபைக்கோ அரசுக்கோ உரியது என்பதும், அனுமதியின்றி அதன்மேல் எதையும் கட்டுவது சட்டப்படி தவறு என்பதும் ஒருபுறமிருக்க, நீங்கள் கட்டப்போகும் தடையில் அடிபடப் போகிறவர் நீங்கள் மறிக்க நினைக்கும் ஆளாக இருக்கமாட்டார்.

இவ்வாறு இரவோடு இரவாகக் கட்டப்படும் தடைகள் பெரும்பாலும் ஒரு முழ அகலமும் அரையடி உயரமும் கொண்ட சீமெந்து வரம்புகளாகவே இருக்கின்றன. அகலம் குறைந்து உயரம் கூடிய தடையில் ஒரு விசித்திரம் உண்டு. மெதுவாக ஏறுகிறவரை அது நன்றாகக் குலுக்கும். வேகமாக வருகிற வாகனத்திலோ, வண்டியின் உடல் மேலெழுவதற்கு முன்னரே சில்லு ஏறி இறங்கிவிட, அதிர்வின் பெரும்பகுதியை விற்சுருள்கள் வாங்கிக்கொள்ளும். கைக்குழந்தையோடு பின் இருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து வரும் தாயும், விளக்கில்லாத சைக்கிளில் கடை பூட்டிவிட்டு வரும் முதியவருமே அதில் விழுகிறார்கள். இடத்தைத் தெரிந்து வைத்திருக்கும் இளைஞரோ, வரம்புக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியால், அதாவது மக்கள் நடந்து போகும் ஓரத்தால், வேகத்தைக் குறைக்காமலே வெட்டிக்கொண்டு போய்விடுவார்.

முறையாக அமைக்கப்படும் வேகத்தடை வேறு வகையானது. 1970களில் பிரித்தானியாவில் ஆய்வு செய்து வகுக்கப்பட்டு இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் வடிவம், வாகனம் செல்லும் திசையில் ஏறத்தாழ 3.7 மீற்றர் நீளமும், நடுவில் 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயரமும் கொண்ட வளைந்த மேடாகும். மணிக்கு 25 அல்லது 30 கிலோமீற்றரில் வருகிறவருக்கு அது பெரிய இடைஞ்சலாக இராது. அதற்கு மேல் வேகம் கூடக்கூட உடம்பு தாங்காது. ஒன்றே ஒன்றை மட்டும் போட்டால் அதைக் கடந்தவுடன் அக்சிலேற்றரை முறுக்குவார்கள் என்பதால், 60 முதல் 100 மீற்றர் வரையிலான இடைவெளிகளில் தொடராக அமைக்க வேண்டும். தொலைவிலேயே தெரியக்கூடிய பூச்சும், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும், அருகில் எரிகின்ற ஒரு வீதி விளக்கும் அவசியம். எங்கள் மாரிக்கு, இரு ஓரங்களிலும் வெள்ளம் வடிய வழி விடாவிட்டால் மேட்டின் மேற்பக்கத்தில் நீர் தேங்கி, வீதியே அரித்துப்போகும்.

ஆகவே கேட்க வேண்டியதை உரியவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், எஞ்சிய உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளிடமும் உள்ளன. காப்பற் போட்டவர் வேறு, வீதிக்குப் பொறுப்பானவர் வேறு என்ற நிலையும் உண்டு. இதை முதலில் உறுதிசெய்து கொள்ளாமல் கொடுக்கப்படும் மனுக்கள் "எமக்குரியதன்று" என்ற குறிப்போடு மேசை மாறிக்கொண்டிருக்கும்.

மனுவில் "பறக்கிறார்கள்" என்று எழுதுவதைவிட ஓர் அளவீட்டை எழுதுங்கள். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒழுங்கையின் நேரான பகுதியில் அளவு நாடாவால் 50 மீற்றரை அளந்து, இரு முனைகளிலும் சுண்ணாம்பால் கோடிடுங்கள். வாகனம் முதற் கோட்டைத் தாண்டும்போது அங்கு நிற்பவர் கையை இறக்க, மற்றக் கோட்டில் நிற்பவர் கைத்தொலைபேசியில் விநாடியை எண்ணத் தொடங்கி, வாகனம் தன்னைக் கடந்ததும் நிறுத்தட்டும். 180 என்ற எண்ணை அந்த விநாடிகளால் வகுத்தால் கிடைப்பது மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற வேகம். 6 விநாடி எடுத்தவர் 30 இலும், 3.6 விநாடி எடுத்தவர் 50 இலும் போயிருக்கிறார். 3 விநாடிகூட எடுக்கவில்லையென்றால் 60 ஐத் தாண்டிவிட்டார். பாடசாலை விடும் நேரத்திலும் பின்னேரத்திலும் ஓரிரு மணித்தியாலம் எண்ணி, நேரத்தையும் வாகன வகையையும் குறித்து, ஒழுங்கையின் கைவரைபடத்தோடு சனசமூக நிலையத்தின் ஊடாகக் கொடுங்கள். வாகன இலக்கங்களைக் குறிக்க வேண்டாம். நீங்கள் சபையிடம் கேட்பது வீதியைத் திருத்தித் தரும்படிதான். ஆளைப் பிடிப்பது பொலிசாரின் வேலை.

*எங்கள் ஒழுங்கையில் 50 கிலோமீற்றர் வேகத்தில் போவது தவறில்லை, சட்டமே அதற்கு இடம் தருகிறது என்று என் மருமகன் வாதிடுகிறார். பேரப்பிள்ளைகள் படலையடியில் விளையாடுவதால் எனக்கு மனம் பதறுகிறது. யார் சொல்வது சரி?*
— சுன்னாகம் வாசகி

அம்மா, இலக்கத்தைப் பொறுத்தவரை மருமகன் சொல்வது சரிதான். கட்டடங்கள் செறிந்த பகுதிகளில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் 50, அதற்கு வெளியே 70, முச்சக்கரவண்டிகளுக்கு எங்கும் 40 என்பதே இலங்கையின் பொது வரம்பு. ஆனால் வரம்பு என்பது அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்கான எல்லை. அந்த வேகத்தில் எங்கும் போகலாம் என்பதற்கான அனுமதியன்று. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கவனயீனமாக ஓட்டுவதும் அபாயகரமாக ஓட்டுவதும் தனிக் குற்றங்கள். இருபுறமும் மதில்கள் நெருக்கிய பத்தடி ஒழுங்கையில், பிள்ளைகள் நடமாடும் நேரத்தில், 48 இல் போனேன் என்பது அவற்றுக்குப் பதிலாகாது.

மருமகனிடம் சட்டத்தை வைத்து வாதிடுவதைவிடக் கணக்கை வைத்துப் பேசிப்பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை வீதிக்கு வருவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கில் பதிவதற்குக் கவனமான சாரதிக்கும் ஒரு விநாடியாவது செல்லும். 30 இல் வருகிறவர் அந்த ஒரு விநாடியில் 8 மீற்றரைக் கடந்து, பிறேக் பிடித்து, உலர்ந்த நல்ல வீதியில் 13 அல்லது 14 மீற்றருக்குள் முழுமையாக நின்றுவிடுவார். 50 இல் வருகிறவரோ அந்த 14 ஆவது மீற்றரில்தான் பிறேக்கையே தொடுகிறார். அதாவது 30 இல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தில், 50 இல் வந்தவர் இன்னும் 50 இலேயே போய்க்கொண்டிருப்பார். அவர் நிற்பதற்கு மேலும் 14 மீற்றர் வேண்டும். மழை பெய்து மணல் படிந்த காப்பற் வீதியென்றால் அதுவும் போதாது.

2020 பெப்ரவரியில் சுவீடன் தலைநகர் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற வீதிப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டின் பிரகடனம், நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் வாகனங்களும் ஒரே வீதியைப் பகிரும் இடங்களில் 30 கிலோமீற்றர் என்ற உச்ச வரம்பை விதிக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரம் 1992 ஆம் ஆண்டிலேயே தனது குடிமனை வீதிகள் முழுவதற்கும் 30 என்று வரையறுத்துவிட்டது. நமது ஒழுங்கைகள் அந்த வீதிகளைவிடக் குறுகியவை. சராசரி ஒழுங்கையின் நீளம் அரைக் கிலோமீற்றர் என்றால், அதை 50 இற்குப் பதிலாக 30 இல் கடப்பதால் உங்கள் மருமகனுக்கு நட்டமாவது 24 விநாடிகள்.

*என் மகள் பின்னேர ரியூசன் முடிந்து சைக்கிளில் வருகிறாள். எங்கள் ஒழுங்கை பருத்தித்துறை வீதியில் ஏறும் முடக்கில் இருபுறமும் ஆளுயர மதில். இரண்டு தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறாள். மகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?*
— இருபாலை வாசகி

மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பின்னர் பார்ப்போம். முதலில் மதிலைப் பார்ப்போம். முன்னர் கிடுகு வேலியும் கிளுவை வேலியும் இருந்த இடங்களில், கடந்த இரு தசாப்தங்களில் ஆளை மறைக்கும் சீமெந்து மதில்கள் எழுந்துவிட்டன. வேலி இருந்தபோது வருகிறவரின் அசைவாவது இடுக்கால் தெரியும். மதில் மூலை ஒன்றையும் காட்டாது. சைக்கிளில் இருப்பவரின் கண்ணுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்தில் முன் சில்லு இருக்கிறது. எனவே மதிலைத் தாண்டி மகளின் கண் வலப்புறம் பார்க்கும்போது, அவளுடைய முன் சில்லு ஏற்கெனவே பிரதான வீதியின் ஓரத்தில் ஏறியிருக்கும். கார் என்றால் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கம் சாரதியின் கண்ணுக்கு இரண்டு மீற்றர் முன்னால் போய்விடும். மகள் கவனமில்லாதவள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மூலைக் காணிக்காரர்கள் மனம் வைத்தால், மதில் சந்திக்கும் கூர்முனையை இரண்டு மீற்றர் அளவுக்குச் சாய்வாக வெட்டியோ, அந்தப் பகுதியை மட்டும் இடுப்பளவுக்குக் குறைத்து மேலே கம்பிவலை அடித்தோ பார்வையைத் திறக்கலாம். ஊரில் நான் கண்டவரை, இதைக் கேட்டுப் போனால் பலர் இணங்குகிறார்கள், ஏனென்றால் தமது காரை வெளியே எடுக்கும்போது அவர்களும் அதே கண்டத்தைத்தான் கடக்கிறார்கள். புதிதாக மதில் கட்டுவோர் சபையில் அனுமதி பெறும்போதே மூலைப் பார்வையை நிபந்தனையாக்குமாறு உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். எதிர்ப்புற மின்கம்பத்தருகே குவிவாடி பொருத்துவதும் பயன் தரும். ஆயினும் அதில் வாகனங்கள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும், புழுதி படிந்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை துடைப்பதற்கு ஆள் இல்லையென்றால் வைக்காமல் விடுவதே மேல்.

இனி மகளுக்கு: முடக்கில் இறங்கி, சைக்கிளை உருட்டியபடி, சில்லுக்குப் பக்கத்தில் தானும் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறட்டும். முன் விளக்கும் பின்பக்கச் சிவப்புத் தெறிப்பானும் சைக்கிளில் இருக்கட்டும். கல்வி நிலையத்தாரிடம் ஒரு விடயம் கேட்கலாம். எல்லா வகுப்புகளையும் ஒரே மணிக்கு விட்டு, நூற்றுக்கணக்கான சைக்கிள்களை ஒரே நிமிடத்தில் வீதிக்கு அனுப்பாமல், பத்து நிமிட இடைவெளிகளில் விடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

*ஓட்டோ ஓடிப் பிழைப்பவன் நான். எல்லோரும் வேகத்தடை வேண்டும் என்கிறீர்கள். நாள் முழுக்க அதில் ஏறி இறங்குகிற எங்கள் முதுகையும் வண்டியையும் பற்றி யாராவது யோசித்தீர்களா? கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு போவதும் நாங்கள்தான்.*
— திருநெல்வேலி வாசகர்

தம்பி, உங்கள் கடிதம் வந்திராவிட்டால் இந்தப் பகுதி ஒருபக்கச் சார்பாகவே முடிந்திருக்கும். நீங்கள் சொல்வது நியாயம். நாள் முழுவதும் ஓட்டுகிறவரின் இடுப்புக்கும், நோயாளியை ஏற்றிவரும் அம்புலன்சுக்கும், ஒவ்வொரு மேடும் ஒரு செலவு. ஆகவேதான் வைத்தியசாலைக்குச் செல்லும் முதன்மைப் பாதைகளிலும் பேருந்து ஓடும் வீதிகளிலும் வேகத்தடையை முதல் மருந்தாகக் கொள்ளக்கூடாது என்பது என் கருத்து.

வேறு வழிகளும் உள்ளன. ஒழுங்கையின் வாயிலில் இருபுறமும் கற்கட்டுகளை நீட்டி, ஒரு வாகனம் மட்டும் நுழையும் அகலத்துக்குக் குறுக்கினால், உள்ளே வரும்போதே வேகம் அடங்கும். நீண்ட நேரான ஒழுங்கையில் இடப்புறம் ஒரு மரத்தொட்டியும் சிறிது தள்ளி வலப்புறம் ஒன்றுமாக வைத்தால், ஓடுபாதை நெளிந்து செல்லும், குலுக்கல் இராது. சந்தியை முழுமையாகச் சற்று உயர்த்தி, மேலே தட்டையாக அமைத்தால் நான்கு பக்கத்தாரும் மெதுவாக ஏறுவார்கள், நடப்போர் கடப்பதற்கும் அது வசதி. அம்புலன்ஸ் போகுமளவு அகலம் எஞ்ச வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்து வாகனங்களை வேறு வழியால் விடுகிறோம். அந்த நாட்களில் அயல் ஒழுங்கைகளுக்குள் திரும்பிவிடப்படும் வாகனங்களைக் கவனித்தால், எங்கே குறுக்க வேண்டும், எங்கே ஒருவழியாக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். அதைக் குறித்து வைப்பதற்குச் சந்தியில் நாள் முழுவதும் நிற்கும் உங்களைப் போன்றவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. சபை கூட்டம் வைத்தால் உங்கள் தரிப்பிடச் சங்கத்தினரும் கட்டாயம் போங்கள்.

*பக்கத்து வீட்டுப் பையனுக்கு வெளிநாட்டிலுள்ள தமையன் விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரவில் ஒழுங்கையால் அவன் போகும் சத்தத்தில் நெஞ்சு அடைக்கிறது. காணொளி எடுத்து முகநூலில் போடலாமா?*
— மானிப்பாய் வாசகர்

போடவேண்டாம். பையன் திருந்தமாட்டான், இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும், அவ்வளவே. தாயிடமோ தந்தையிடமோ, வண்டி வீட்டில் நிற்கும் பகல் வேளையில், நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவுமாகப் போய்ப் பேசுங்கள். பையனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் சட்டத்தின் முன் பொறுப்பாளி என்பதையும், விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம் என்பதையும் சொல்லுங்கள். பணம் அனுப்பிய தமையனுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. இந்த விடயத்தில் ஊரிலுள்ள பெற்றோரைவிட அவரது சொல் எடுபடும் வீடுகளை நான் அறிவேன். அதற்கும் மசியாவிட்டால், பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் நாளையும் நேரத்தையும் குறித்து எழுத்தில் முறையிடுவதில் தயக்கம் வேண்டாம்.

*வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்து ஆறு மாதங்களாகிவிட்டன. கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. இனி என்ன செய்வது?*
— சண்டிலிப்பாய் வாசகர்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

கேள்வியை "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் விளக்கவுரை வரும், அல்லது ஒன்றும் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன ஒழுங்கை எந்த நிறுவனத்தின் வீதிப் பதிவேட்டில் உள்ளது, இன்ன திகதியிட்ட எமது மனு எந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டது, அதன்மீது தொழில்நுட்ப உத்தியோகத்தர் இட்ட குறிப்பின் பிரதி, வேகத்தடை அமைப்பதற்குச் சபை பின்பற்றும் அளவுப் பிரமாணம், இவ்வாண்டு வீதிப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். மனு எங்கோ அடியில் கிடந்தாலும் இந்தக் கடிதம் அதைத் தேடி எடுக்கவைக்கும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபைகள் ஆண்டிறுதியில் நிறைவேற்றுவதால், ஆவணி, புரட்டாதிக்குள் விண்ணப்பித்தால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினரோடு பேசலாம்.

பதில் மறுக்கப்பட்டாலோ தவணை கடந்தும் வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு இணைத்து வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் திகதியும் ஒப்பமும் இட்ட ஏற்புச்சீட்டைப் பெறாமல் திரும்பாதீர்கள்.